வெயிலை நிப்பாட்டச் சொன்ன புத்தாண்டு

கம்பிவழி – 14

2025 ஏப்ரல் 14. விசுவாவசு வருடப் பிறப்பன்று யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு நண்பனின் வீட்டில் இருந்தேன். விடிவதற்கு முன்பே எழுப்பி, மருத்துநீரைத் தலையில் வைத்துக் குளிக்கச் சொன்னார்கள், குளித்தேன். கோயிலுக்குப் போய் வந்தோம். கைவிசேடமாக மடங்காத புது நோட்டு ஒன்று கிடைத்தது. முற்றத்தில் பொங்கல் இறக்கி, பயற்றம் பணியாரத் தட்டு கைமாறிக்கொண்டிருந்த நேரத்தில் நண்பனின் தகப்பனார் என்னைக் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஊரில் எல்லாருக்கும் அவர் ‘மாஸ்டர்’.

“தம்பி, இஞ்ச வாரும். கரண்டைப் பற்றித்தானே எழுதுறீர், ஒரு சாமான் காட்டுறன்.”

வீட்டின் பக்கச் சுவரில் இன்வெர்ட்டர் தொங்கியது. மேலே தகரக் கூரையில் 5 கிலோவாட் அளவுக்குப் பேனல்கள். குட்டித் திரையில் எண்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. 3.6 கிலோவாட். 246 வோல்ட். 50.1 ஹெர்ட்ஸ். மணி பத்துதான், வெயில் அதற்குள் மண்டையைப் பிளந்தது. மாஸ்டர் பக்கத்துப் பெட்டியைத் திறந்து பிரேக்கரைக் கீழே தள்ளினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். பச்சை விளக்கு சிவப்பானது.

“அரசாங்கம் சொல்லுது, வெயிலை நிப்பாட்டட்டாம்” என்றார். சிரிக்கிறாரா, கோபப்படுகிறாரா என்று அவர் முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

நம் ஊர்க்காரனுக்குப் பண்டிகை நாளில் கரண்டை நிறுத்தச் சொன்னார்கள் என்றால் மின்வெட்டு என்றுதான் காதில் விழும். இது வேறு சங்கதி. ஏப்ரல் 13 முதல் 21 வரை, புத்தாண்டு விடுமுறை முழுக்க, கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை தாமாகவே அதை அணைத்து வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டிருந்தது. தொழிற்சாலை, அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாம் மூடிக் கிடக்கின்றன. கரண்டுக்குக் கேட்பார் இல்லை. வெயிலோ வஞ்சனை இல்லாமல் அடிக்கிறது. மூன்றே வருடத்துக்கு முன்பு, 2022 மார்ச் கடைசியில், ஒரு நாளைக்கு 13 மணி நேரம் இருளில் கிடந்த நாடு இது. டீசல் வாங்க டாலர் இல்லாமல் பெட்ரோல் பங்க் வாசலில் ஜனங்கள் ராத்திரி பகலாக வரிசையில் நின்ற நாடு. அதே நாட்டில் இப்போது, காசில்லாமல் வானத்திலிருந்து கொட்டும் மின்சாரத்தை வேண்டாம் என்கிறார்கள்.

போன வாரம் உருகுவேயைப் பார்த்தோம். முப்பத்தைந்து லட்சம் பேர் வாழும் அந்தக் குட்டி நாடு, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தன் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் தண்ணீர், காற்று, வெயில், சக்கைக்கு மாற்றிவிட்டது. ‘அவர்களால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது?’ என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். மாஸ்டர் வீட்டுச் சுவரில் அதற்கு ஒரு பதில் தொங்குகிறது.

முதலில் குரங்கு கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இலங்கையில் யாரும் இந்த விஷயத்தைத் தொடங்குவதில்லை.

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணி தாண்டியதும் நாடு முழுக்க ஒரே நேரத்தில் கரண்ட் போனது. கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு டிரான்ஸ்ஃபார்மரில் பட்டுவிட்டது என்றார் எரிசக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி. இரண்டு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் உள்ள நாட்டை ஒரு குரங்கு இருட்டாக்கிவிட்டதா என்று உலகமே சிரித்தது. அனுமன் இலங்கையை எரித்த கதையை எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொன்னார்கள் என்று கணக்கே இல்லை. பகுதி பகுதியாகக் கரண்ட் திரும்பி வர மாலையாகிவிட்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று யூனிட்டுகளும் இந்தக் களேபரத்தில் நின்றுபோயின. தலா 300 மெகாவாட். நின்ற நிலக்கரி யூனிட்டை விசிறி போடுவதுபோல் சுவிட்சைத் தட்டி ஓடவைக்க முடியாது. அதனால் அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு.

குரங்கை மட்டும் திட்டிப் பயனில்லை. 2016 ஜூனில் கென்யாவில் கிட்டாரு மின்நிலையத்தின் கூரையில் ஏறிய ஒரு குரங்கு டிரான்ஸ்ஃபார்மர் மேல் விழுந்து அந்த நாட்டையே அணைத்தது. குரங்கு பிழைத்துக்கொண்டது, வனத்துறை வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மின்தொகுப்பை நடத்துகிறவர்களிடம் உலகெங்கும் ஒரு விதி உண்டு: எந்த ஒன்று கழன்றாலும், அது பெரிய ஆலையானாலும் சரி, முக்கியமான லைனானாலும் சரி, மீதி நிற்க வேண்டும். குரங்கு, பல்லி, பட்டம் விடும் நூல், காற்றில் பறந்து வந்த தகரம் இவையெல்லாம் தினமும் நடப்பவை. ஒரு துணைமின் நிலையத்தில் ஏற்பட்ட சிக்கல் அந்த இடத்தோடு முடியாமல் பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை பரவியது எதனால் என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை சொல்ல என்னைவிட மாஸ்டருக்குத் தகுதி அதிகம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்டே கிடையாது. சண்டை. பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் அரைக்கால் கிளாஸ் எண்ணெயும் விட்டு, சன்னமாக ஒரு திரி போட்டு அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். ரேடியோவுக்கு பேட்டரி இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் கரண்டில் ரேடியோவை ஓடவைத்து பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தார் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சொல்லும்போது கை தானாகவே சுற்றும்.

“அப்ப பெடல் சுத்தினது என்ர மூத்தவன்” என்றார் மாஸ்டர். “ரேடியோவோட ஒரு பல்பையும் சேர்த்துக் கொளுவினா பெடல் கனக்கும். கை தளர்ந்தா வொலியூம் இறங்கும். ஆனா சட்டெண்டு நிக்காது, கண்டீரோ? சில்லு தன்ர பாட்டில இன்னும் ரெண்டு மூண்டு சுத்துச் சுத்தும். அதுக்குள்ள நான் கையை மாத்திப் போடுவன்.”

இந்த ‘இரண்டு மூன்று சுற்று’தான் விஷயம். மின்நிலையம் என்பது பெரிய சைக்கிள் சில்லு. நுரைச்சோலை போன்ற அனல் ஆலையில் பல பத்து டன் எடையுள்ள இரும்புத் தண்டு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. விக்டோரியா, கொத்மலை அணைகளின் டர்பைன்களும் தத்தம் வேகத்தில் சுற்றுகின்றன. நாடு முழுக்க இப்படிச் சுற்றும் எல்லாச் சில்லுகளும் கம்பியின் வழியே ஒன்றோடொன்று கட்டப்பட்டு ஒரே தாளத்தில், நொடிக்கு 50 அலை என்ற கணக்கில், போகின்றன. எங்காவது ஓர் ஆலை திடீரென்று கழன்றால், அந்தக் குறையை முதல் சில நொடிகளுக்கு எந்த அதிகாரியும் சரிக்கட்டுவதில்லை. சுற்றிக்கொண்டிருக்கும் இரும்பின் கனமே சரிக்கட்டுகிறது. வேகம் கொஞ்சம் குறையும். அந்த இடைவெளிக்குள் மற்ற ஆலைகள் நீராவியையும் தண்ணீரையும் கூடத் திறந்துவிடும். போதாவிட்டால் சில ஃபீடர்கள் தாமாக அணையும். மாஸ்டர் கையை மாற்றியதுபோல.

சோலார் பேனலில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. வெயில் விழுந்தால் கரண்ட் வரும். இன்வெர்ட்டர் அதைக் கம்பியின் தாளத்துக்கு ஒத்தபடி மாற்றி அனுப்பும். தாளம் தப்பினாலோ வோல்டேஜ் ஏறி இறங்கினாலோ பாதுகாப்புக்காகத் தானே கழன்றுகொள்ளும். ஒரு வீட்டில் கழன்றால் ஒன்றுமில்லை. ஒரே அமைப்பில் பூட்டி வைத்த ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே நொடியில் கழன்றால்? அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் மொத்தத் தேவையே குறைவு. அதில் பெரும்பங்கை வெயில் கொடுத்துக்கொண்டிருந்தது. சுற்றிக்கொண்டிருந்த இரும்பு மிகவும் கொஞ்சம். சில்லு இலேசாக இருந்ததால் தட்டியதும் நின்றுவிட்டது. மின்சார சபை பின்னால் கொடுத்த விளக்கத்தின் சாரமும் இதுதான்.

இதைச் சொன்னதும் ‘பார்த்தீர்களா, சோலார்தான் வில்லன்’ என்று கிளம்புகிறவர்கள் உண்டு. 2016 மார்ச்சிலும், 2020 ஆகஸ்டிலும், 2021 டிசம்பரிலும் இலங்கை முழுக்க இருண்டது. அப்போது கூரைகளில் இவ்வளவு பேனல் கிடையாது. தனித்தீவின் மின்தொகுப்பு இயல்பிலேயே பூஞ்சை உடம்பு. வெயில் வந்ததில் அந்த உடம்புக்குக் காய்ச்சல் வரும் நேரம் மாறியிருக்கிறது.

நேரம் மாறியது என்ற இடத்தில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இலங்கையின் மின்சாரத்தைத் திட்டமிட்டவர்கள் எல்லாரும் நூறு வருடமாக ஒரே மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவு ஏழரை மணி. விளக்கு, டி.வி., மின்விசிறி எல்லாம் சேர்ந்து ஓடும் நேரம். அந்த உச்சத்தைத் தாங்கிவிட்டால் மற்ற நேரம் தானாக ஓடும் என்பது அவர்கள் பாடம். முதல் திட்டக்காரர் டி.ஜே. விமலசுரேந்திர. வெள்ளைக்காரன் காலத்துப் பொதுப்பணித்துறைப் பொறியாளர். 1918இல் இலங்கைப் பொறியாளர் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார்: மலைநாட்டில் விழும் தண்ணீரைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் தரலாம், லக்சபானவில் தொடங்குங்கள் என்று. மேலிடம் அசையவில்லை. லக்சபான ஓடத் தொடங்கியது 1950இல். முப்பத்திரண்டு வருடம் ஒரு காகிதம் காத்துக் கிடந்தது. எழுதியவர் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு 1953இல் காலமானார். அதன் பிறகு மகாவலி, விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல. தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை நாடு கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீரில் ஓடியது. 1996இல் மழை பொய்த்தது. நீண்ட மின்வெட்டு. அதோடு திட்டக்காரர்களுக்கு மழை மேல் நம்பிக்கை போய், டீசலும் பிறகு நிலக்கரியும் வந்தன.

இந்தத் திட்டங்கள் எதைக் கொண்டு போடப்பட்டன என்று தேடிப் போனபோது எனக்கு ஒரு ருசியான தகவல் கிடைத்தது. இலங்கை மின்சார சபை இருபதாண்டு உற்பத்தித் திட்டம் ஒன்றை அவ்வப்போது புதுப்பித்து வெளியிட்டு வந்தது. அதற்கு நெடுங்காலம் பயன்பட்டது ‘வாஸ்ப்’ என்ற கம்ப்யூட்டர் நிரல். வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமை ஏழை நாடுகளுக்குக் கொடுத்து, ஆட்களை அழைத்துப் பயிற்சியும் தருவது. இலங்கை மட்டுமல்ல, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் எத்தனையோ மின்வாரியங்களின் இளம் பொறியாளர்கள் இதில்தான் கைபழகினார்கள். இந்த நிரலை எழுபதுகளின் தொடக்கத்தில் எழுதியவர்கள் அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமும் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடமும். எதற்காக? வளரும் நாடுகளில் அணுமின் நிலையத்துக்கு எவ்வளவு சந்தை இருக்கிறது என்று கணக்கிடுவதற்காக! சந்தை ஆய்வுக்குச் செய்த தராசு, பிறகு நாடுகளின் தலைவிதியை நிறுக்கும் தராசாகிவிட்டது. இலங்கை அணு உலை எதையும் வாங்கவில்லை. தராசு மட்டும் தங்கிவிட்டது.

கெட்ட தராசு என்று சொல்ல மாட்டேன். ‘இருபது வருடத்துக்கு மிகக் குறைந்த செலவில் எந்த ஆலையை எந்த ஆண்டு கட்டலாம்’ என்று கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்லும். ஆனால் அதற்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு 8760 மணி. ஒவ்வொரு மணியிலும் நாட்டுக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும் என்ற கணக்கை எடுத்து, பெரியதிலிருந்து சிறியது வரை இறங்குவரிசையில் அடுக்கிவிடும். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார் பிள்ளைகளை உயரவாரியாக நிற்க வைப்பாரே, அதேபோல. நெட்டை எத்தனை, குட்டை எத்தனை என்று பளிச்சென்று தெரியும். வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது காணாமல் போகும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அடுத்து பதினொன்று என்ற தொடர்ச்சி அந்த வரிசையில் இல்லை. ஞாயிறு நண்பகல் எங்கோ வாலில், மழை நாளின் பின்னிரவு இரண்டு மணியின் பக்கத்தில் போய் நிற்கும். இரண்டிலும் தேவை ஒன்றுதான். ஒன்றில் வெயில் கொளுத்துகிறது, மற்றதில் இல்லை என்பது அந்த வரிசைக்குத் தெரியாது.

நிலக்கரிக்கும் டீசலுக்கும் இது போதும். சொன்ன நேரத்தில் ஓடுகிற ஆலைகள் அவை; பக்கத்தில் எந்த மணி நின்றால் என்ன? வெயிலுக்கும் காற்றுக்கும் அந்த வரிசை உதவாது.

இதை உலகம் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. இலங்கைச் சபையே பிரேசிலில் உருவான வேறொரு நிரலையும் சேர்த்துக்கொண்டது. நீர்த்தேக்கத்தின் மட்டத்தையும் மழையின் சந்தேகத்தையும் கணக்கில் எடுப்பது அது. புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான சர்வதேச முகமை 2018இல் ‘ஃப்ளெக்ஸ்டூல்’ என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. இந்தியாவில் அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் இரண்டும் நம் தேசிய மின்தொகுப்பு இயக்க நிறுவனமும் சேர்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. ஒரு லட்சம் மெகாவாட் சோலார், 60 ஆயிரம் மெகாவாட் காற்றாலை வந்தால் இந்தியா தாங்குமா என்பது கேள்வி. அவர்கள் ஒரு வருடத்தை வரிசையாக, பதினைந்து நிமிடம் பதினைந்து நிமிடமாக ஓட்டிப் பார்த்தார்கள். தாங்கும், வருடத்துக்கு 1.4 விழுக்காடு மட்டும் வீணாகும் என்று பதில் வந்தது. நாடு பெரியது. ராஜஸ்தானில் வெயில் மிஞ்சினால் வேறெங்கோ ஓர் ஆலை அடக்கி வாசிக்கும்.

இலங்கைக்கும் உதவிக்கு ஆள் குறைவில்லை. ஆசிய வளர்ச்சி வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் 2017இல் ஒரு புத்தகம் போட்டன: 2050க்குள் இலங்கை முழுக்கவும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் ஓடலாம், சுமார் 34 ஆயிரம் மெகாவாட் நிறுவ வேண்டும், அதில் காற்று 15 ஆயிரம், சூரியன் 16 ஆயிரம் என்று. ஜப்பான்காரர்கள் பெருந்திட்டம் ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். அரசு 2030க்குள் 70 விழுக்காடு என்று இலக்கு வைத்தது. கொழும்பில் இதே காலத்தில் பெரிய குஸ்தி நடந்தது: மின்சார சபை நிலக்கரி வேண்டும் என்றது, பொதுப்பயன்பாடுகள் ஆணைக்குழு 2017இல் நிலக்கரி இல்லாத திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இரு தரப்பும் சண்டை போட்டது வருடத்துக்கு எத்தனை யூனிட், யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்பதில்தான். தொகுப்பு தாங்காது என்று பொறியாளர்கள் சொன்னபோது ‘நிலக்கரிக்கு வக்காலத்து’ என்ற பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது என்பதுதான் சோகம். ஒரே வாய் இரண்டையும் பேசியது.

கடைசியில் இலங்கையின் கூரைகளை நிரப்பியது எந்தத் திட்டப் புத்தகமும் இல்லை. 2016 செப்டம்பரில் ‘சூரிய பல சங்கிராமய’ என்று சோலார் இயக்கம் தொடங்கினார்கள். கம்பிக்குக் கொடுக்கும் யூனிட்டுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபாய் என்றார்கள். கொஞ்சம் பேர் போட்டார்கள். பிறகு 2022 வந்தது. ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 விழுக்காடு ஏறியது. 2023 பிப்ரவரியில் அதற்கு மேல் இன்னொரு 66. “லைட் பில்லைப் பாத்துட்டு மனுசிக்குத் தலைசுத்து. மகன் கனடாவிலயிருந்து காசு அனுப்பினான், அடுத்த மாசம் கூரையில ஏத்திப் போட்டன்” என்றார் மாஸ்டர். ஆயிரக்கணக்கான வீடுகளில் இதே கணக்கு நடந்தது. கூரைச் சோலார் மட்டும் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டியது. இரவு உச்சத்தில்கூட மூவாயிரம் மெகாவாட்டைத் தொடாத நாட்டில்!

இந்த ஆயிரத்தில் பெரும்பகுதி கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாது. அங்கே உட்கார்ந்திருப்பவர் திரையில் நுரைச்சோலை தெரியும், விக்டோரியா தெரியும், மன்னாரில் 2020 டிசம்பரில் திறந்த 103.5 மெகாவாட் காற்றாலை தெரியும். மாஸ்டர் வீட்டுக் கூரை தெரியாது. காலை எட்டு மணியிலிருந்து நாட்டின் தேவை ஏனோ மளமளவென்று இறங்குகிறது, மாலை நாலு மணியிலிருந்து ஏனோ ஏறுகிறது என்று மட்டும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆலையை எப்படி அடக்குவது? பத்திரிகையிலும் டி.வி.யிலும் ‘தயவுசெய்து’ என்று கேட்கலாம். அதைத்தான் புத்தாண்டுக்குச் செய்தார்கள்.

மாஸ்டருக்கு இதில் இன்னொரு குறை. அவர் தெருவில் ஒரே லைனில் நிறையச் சோலார் வீடுகள். நண்பகலில் எல்லாரும் ஒன்றாகக் கம்பிக்குள் தள்ளும்போது வோல்டேஜ் ஏறுகிறது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 250ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் பயந்து கழன்றுகொள்ளும், கொஞ்சம் இறங்கியதும் திரும்ப வரும், திரும்பக் கழலும். வெயில் உச்சத்தில் இருக்கும்போது அவர் பெட்டி கண்ணாமூச்சி ஆடுகிறது. கணக்கு வாத்தியார் அல்லவா, எந்த நாளில் எத்தனை தடவை கழன்றது என்று ஒரு பழைய சி.ஆர். கொப்பியில் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறார். சனிக்கிழமையைவிட ஞாயிற்றுக்கிழமை அதிகம் என்று எனக்கு விரல் வைத்துக் காட்டினார். வியன்னாவில் தொலைந்துபோன கிழமை கொக்குவிலில் ஒரு கொப்பியில் இருந்தது.

உருகுவே எப்படித் தப்பியது என்று இப்போது விளங்கும். அதன் ஒரு பக்கம் அர்ஜென்டினா, மறுபக்கம் பிரேசில். இரண்டோடும் கம்பி உண்டு. காற்று மிஞ்சினால் விற்கும், மழை பொய்த்தால் வாங்கும். நம் தமிழ்நாட்டின் கதையும் அப்படித்தான், ஆனால் நேற்று நடந்தது. 2012 ஜூலை 30, 31இல் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு இந்தியா இருண்டபோது தெற்கே விளக்கு எரிந்தது. காரணம், தென்மாநிலங்களின் தொகுப்பு அப்போது மற்ற இந்தியாவோடு ஒரே தாளத்தில் கோக்கப்படவில்லை. அதுவரை நாமும் ஒரு பெரிய தீவுதான். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக இணைந்தோம். ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காற்று வீசும்போது அதை மகாராஷ்டிரா வரை தள்ளிவிட வழி அகலமானது அதற்குப் பிறகுதான்.

இலங்கைக்கு அப்படி ஒரு கம்பி வேண்டும் என்று எழுபதுகளிலிருந்தே பேச்சு. மதுரைப் பக்கமிருந்து கடலடியில் மன்னாருக்கு, அங்கிருந்து உள்நாட்டுக்கு. இந்தப் புத்தாண்டுக்கு ஒன்பது நாள் முன்பு, ஏப்ரல் 5 அன்று, பிரதமர் மோடி கொழும்பில் இருந்தபோது அதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. நல்ல காரியம்தான். கூடவே எனக்கு ஒரு சின்ன உறுத்தல். பாக் நீரிணையின் இரண்டு கரையிலும் ஒரே வெயில். இங்கே மிஞ்சும் அதே நண்பகலில் ராமநாதபுரத்திலும் மிஞ்சும். மன்னாரில் வீசும் தென்மேற்குக் காற்றுதான் அரபிக்கடலிலிருந்து ஆரல்வாய்மொழியையும் தொடுகிறது. ஒரே நேரத்தில் பசிக்கிற, ஒரே நேரத்தில் வயிறு நிறைகிற இரண்டு பேருக்கு நடுவே சோற்றுப்பானையை நகர்த்துவது போல. அக்கரையில் இருப்பது தமிழ்நாடு மட்டுமல்ல, இந்தியா முழுதும் என்பதால் ஓரளவு சரியாகும். எந்த விலைக்கு என்பது அடுத்த பஞ்சாயத்து.

கடலுக்குள் கம்பி வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. மலைநாட்டில் மகா ஓயாவில் கீழ்க்குளம், மேல்குளம் கட்டித் தண்ணீரை ஏற்றி இறக்கும் 600 மெகாவாட் திட்டம் ஒன்றை ஜப்பான் ஆய்வு பத்து வருடத்துக்கு முன்பே காட்டியது. அதைக் காட்டியது இரவு ஏழரையைத் தாங்குவதற்காக. இன்று அது நண்பகலை விழுங்குவதற்கு வேண்டும். துணைமின் நிலையங்களில் பேட்டரி வைக்கலாம். தெற்கு ஆஸ்திரேலியா இதே வழியில் போன மாநிலம். 2016 செப்டம்பரில் புயலில் மாநிலமே இருண்டது. அடுத்த வருடக் கடைசியில் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி வைத்தார்கள். 2021இல் நான்கு பெரிய சுழலிகளைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சுழலிகள் ஒரு யூனிட்கூட உற்பத்தி செய்யாது. சும்மா சுற்றும். மாஸ்டர் சொன்ன சில்லின் கனத்தை மட்டும் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள்! இலங்கையின் அணை டர்பைன்கள் சிலவற்றையும் பழைய எரிவாயு டர்பைன்களையும் நண்பகலில் இப்படிச் சும்மா சுற்றவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. குடிநீர் ஏற்றும் பம்புகளைப் பின்னிரவிலிருந்து நண்பகலுக்கு மாற்றுவதற்கு வெளிநாட்டு நிபுணர் எவரும் வர வேண்டாம். மணிக்கூட்டைத் திருப்ப ஓர் ஆள் போதும், யார் திருப்புவது என்ற கோப்புதான் இரண்டு வாரியங்களுக்கு நடுவே அலையும்.

சாப்பாடு முடிந்து, திண்ணையில் கொஞ்சம் கண் அயர்ந்தேன். “தம்பி, மூண்டு மணி” என்று மாஸ்டர் எழுப்பினார். வெயில் சரிந்து வேப்பமரத்தின் நிழல் தகரக் கூரையின் ஓரத்தைத் தொட்டிருந்தது. பிரேக்கரை மேலே தள்ளினார். எதுவும் நடக்கவில்லை. திரையில் 300 என்று ஒரு எண் வந்து, 299, 298 என்று இறங்கத் தொடங்கியது.

“என்ன மாஸ்டர், பழுதா?”

“இல்லைத் தம்பி. உது இப்ப உடன பூராது. அஞ்சு நிமிசம் கம்பியைப் பார்த்துக்கொண்டு நிக்கும். வோல்டேஜ் சரியோ, அந்த அம்பது சரியோ எண்டு. எல்லாம் சரியெண்டாத்தான் உள்ள போகும்.”

தேத்தண்ணீர் வந்தது. இருவரும் சுவரைப் பார்த்தபடி குடித்தோம். பக்கத்து வீட்டிலிருந்தும் ஒரு ‘டக்’ கேட்டது. 41, 40. தெருவில் பிள்ளைகள் பட்டாசு கொளுத்தினார்கள். 3. 2. உள்ளே ஏதோ ‘கிளிக்’ என்றது, சிவப்பு பச்சையானது. 2.1 கிலோவாட், 238 வோல்ட், 49.9 ஹெர்ட்ஸ். மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொப்பியில் நேரத்தை எழுதினார்: 3.07.

(தொடரும்)